பினாங்கில் முதல் இரவு: எந்தத் தெரு, எந்தக் கட்டில்?

சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானத்தை 2024 டிசம்பரில் இண்டிகோ தொடங்கியது. அதற்கு ஓராண்டு முன்பே, 2023 டிசம்பர் 1 முதல், இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை மலேசியாவில் தங்கலாம் என்றாகிவிட்டது. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து முதல் போனஸைக் கையில் வாங்கிய பிள்ளைகள், தனியாக ஒரு வெளிநாடு போய் வரலாமா என்று யோசிக்கும்போது பினாங்கின் பெயர் அடிபடுவதற்கு இதெல்லாம் காரணம். டிக்கெட் போட்டாச்சு என்று சொன்னதும் வீட்டில் வரும் முதல் கேள்வி: “எங்கே தங்கப்போறே?”

“ஹாஸ்டல்ல” என்று பதில் வந்தால் பல அம்மாக்களுக்குப் பாதி உயிர் வந்துவிடும். அங்கேதான் குழப்பமே. நம் ஊரில் ஹாஸ்டல் என்றால் வார்டன் இருப்பார், இரவானால் கேட்டைப் பூட்டுவார்கள், வருவோர் போவோரை நோட்டில் எழுதுவார்கள். பயணிகளுக்கான ஹாஸ்டல் வேறு ரகம். அங்கே வாடகை அறைக்கு அல்ல, கட்டிலுக்கு. ஓர் அறையில் நான்கிலிருந்து பன்னிரண்டு பேர் வரை அடுக்குக் கட்டில்களில் படுத்திருப்பார்கள். ‘பெண்களுக்கு மட்டும்’ என்று தனியாகக் குறிப்பிடாவிட்டால் அது ஆணும் பெண்ணும் சேர்ந்து தங்கும் அறை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இதைப் போகிற பிள்ளையும் தெரிந்துகொள்ள வேண்டும், அனுப்புகிறவர்களிடமும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பினாங்கு போய் இறங்கிய பிறகு வீடியோ காலில் தெரியவந்தால் வீணான ரகளை.

பலர் ஒரே கூடத்தில் படுத்து எழுவது பினாங்குத் தமிழர்களுக்குப் புதிதல்ல. ஜார்ஜ் டவுனின் லெபு பினாங்கு தெருவில் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. பகலில் கணக்குப் பெட்டியோடு உட்கார்ந்த இடத்திலேயே இரவில் பாயை விரிப்பார்கள். ஆனால், அடுத்த பாயில் படுத்திருப்பவர் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். இன்றைய ஹாஸ்டலில் அது தெரியாது. அந்த அறிமுகம் செய்த வேலையைத்தான் இன்று லாக்கர், கதவுக் குறியீடு, கட்டில் திரை, ரிவ்யூ ஆகிய நான்கும் செய்கின்றன. ஹாஸ்டல் தேர்வு என்பது இந்த நான்கும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான். ஜார்ஜ் டவுனில் ஐந்தாவதாக ஒன்றையும் பார்க்க வேண்டும்: கட்டடம்.

வீட்டைப் பாருங்கள்

இங்குள்ள ஹாஸ்டல்களில் பெரும்பாலானவை பழைய கடைவீடுகள். கீழே கடை, மேலே குடும்பம் என்று வாழ்வதற்காகக் கட்டியவை. வாடகைக் கட்டுப்பாடு இருந்தவரை இந்த வீடுகளில் ஏழைக் குடும்பங்களும் சிறு வியாபாரிகளும் குறைந்த வாடகையில் காலம் தள்ளினார்கள். 2000 தொடக்கத்தில் அந்தக் கட்டுப்பாடு விலகியது, வாடகை ஏறியது, பலர் வெளியேறினார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதன் பிறகு காலியான வீடுகள் பல விடுதிகளாகவும் காபிக் கடைகளாகவும் மாறின. நாம் கொண்டாடும் அழகுக்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது.

கடைவீட்டின் முகப்பு குறுகல், உள்ளே நீளம் அதிகம். நடுவில் நம் ஊர் முற்றம் போல வானம் பார்த்த ஒரு திறப்பு இருக்கும். இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவர் என்பதால், முகப்பிலும் பின்புறத்திலும் முற்றத்தை ஒட்டியும் மட்டுமே ஜன்னல் வைக்க முடியும். மற்ற அறைகளுக்கு ஜன்னல் கிடையாது. புகைப்படத்தில் விளக்கைப் போட்டு எடுத்திருப்பார்கள், தெரியாது. “இந்த அறைக்கு ஜன்னல் உண்டா? ஏசி நாள் முழுக்க ஓடுமா, இரவு மட்டுமா?” என்று எழுதிக் கேளுங்கள். பினாங்கின் புழுக்கத்தில் இரண்டாவது கேள்வி முதல் கேள்வியைவிட முக்கியம்.

மேல்தளம் பெரும்பாலும் மரப்பலகை. நள்ளிரவில் யாராவது நடந்தால் எல்லோருக்கும் கேட்கும். லிஃப்ட் இருக்காது, செங்குத்தான மரப்படியில் பெட்டியை நாம்தான் தூக்க வேண்டும். இருப்பது அந்த ஒரு படி மட்டும்தானா, அவசரத்துக்கு வெளியேற வேறு வழி உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். பெண்களுக்கு மட்டுமான அறை என்று போட்டிருந்தாலும், குளியலறை எந்தத் தளத்தில் இருக்கிறது என்று கேட்க மறக்காதீர்கள். தூங்குவது மாடியில், கழிப்பறை கீழே பொதுக்கூடத்தைத் தாண்டி என்றால், நடுஇரவில் அந்த ‘மட்டும்’ பெரிதாக உதவாது.

தெருவைப் பாருங்கள்

மலாய் மொழியில் லெபு என்றால் தெரு, லோரோங் என்றால் சந்து, ஜாலான் என்றால் சாலை. வரைபடம் பார்க்க இந்த மூன்று சொற்கள் போதும். ஹாஸ்டல்களின் பெயர்கள் மாறும், மூடும், கை மாறும். தெருவின் குணம் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

பயணிகள் அதிகம் மொய்ப்பது லவ் லேன், அதைச் சந்திக்கும் லெபு சூலியா பகுதிகளில். சூலியா என்பதே தமிழ் முஸ்லிம் வணிகர்களைக் குறித்த பெயர்தான். இரவில் சாலையோர நூடுல்ஸ் கடைகள், மதுக்கூடங்கள், பாட்டு எல்லாம் இங்கே உண்டு. ஆள் நடமாட்டம் இருப்பதால் தனியாகத் திரும்பி வரப் பயமில்லை. ஆனால், தெருவைப் பார்த்த அறை கிடைத்தால் தூக்கம் போச்சு. பக்கத்திலேயே இருக்கும் லெபு முன்ட்ரி அமைதியானது. 2012இல் வரைந்த சுவரோவியங்களுக்குப் பேர்போன லெபு ஆர்மீனியனில் பகலெல்லாம் செல்ஃபிக் கூட்டம் இருக்கும், இரவில் அடங்கிவிடும்.

முதல்முறை தனியாகப் போகிறவருக்கு என் ஓட்டு லிட்டில் இந்தியாவை ஒட்டிய தெருக்களுக்கு. லெபு குயின் தெருவில் 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதைச் சுற்றி லெபு பசார், லெபு பினாங்கு. வழி கேட்கவும் சிம் கார்டு வாங்கவும் தமிழே போதும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குக் காலை இட்லி, தோசைக்கும் பஞ்சமில்லை. “இவ்வளவு தூரம் போயும் நம்ம ஊர் மாதிரியா?” என்று நண்பர்கள் கேலி செய்யலாம். செய்யட்டும். முதல் இரண்டு நாளுக்கு அது ஒரு பிடிமானம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. முன்பதிவுச் செயலியில் ‘பினாங்கு’ என்று தேடினால் தீவின் வடக்கே இருக்கும் பத்து ஃபெரிங்கி கடற்கரையும், கடலுக்கு அந்தப்பக்கம் பெருநிலத்தில் இருக்கும் பட்டர்வொர்த்தும் சேர்ந்தே வரும். விலை குறைவு என்று பட்டர்வொர்த்தில் பதிவு செய்தால், தினமும் கடலைக் கடந்துதான் ஜார்ஜ் டவுன் வர வேண்டும். ‘ஜார்ஜ் டவுன்’ என்றே தேடுங்கள்.

ரிவ்யூ படிக்கும் விதம்

பத்துக்கு ஒன்பது மதிப்பெண் என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. விடிய விடியக் கொண்டாட வந்தவர் கொடுத்த ஒன்பது, பத்து மணிக்குத் தூங்குகிறவருக்கு நான்கு. கடைசி மூன்று மாத ரிவ்யூக்களை மட்டும் எடுத்து, குறைந்த மதிப்பெண்ணிலிருந்து படியுங்கள். தனியாக வந்த பெண்கள் எழுதியவற்றைத் தேடிப் படியுங்கள். ‘வைஃபை மெதுவாக இருந்தது’ என்பதை விட்டுவிடலாம். மூட்டைப்பூச்சி, உடைந்த லாக்கர், இரவில் வரவேற்பில் ஆளில்லை ஆகிய மூன்றில் எதையாவது இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்லியிருந்தால் அடுத்த விடுதிக்குப் போய்விடுங்கள்.

கட்டில் வாடகை பொதுவாக ஓர் இரவுக்கு 30 முதல் 70 ரிங்கிட்டுக்குள் அமையும். தைப்பூசம், சீனப் புத்தாண்டு நாட்களில் கூடும். வெளிநாட்டினருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. கட்டில் வாடகையில் அது எப்படிச் சேர்கிறது என்று முன்பே கேளுங்கள். லாக்கருக்கு உங்கள் பூட்டு, மூன்று சதுர முனை கொண்ட பிளக் அடாப்டர் இரண்டையும் இங்கிருந்தே கொண்டுபோங்கள். 18 வயது நிறையாதவர்களைப் பொது அறையில் சேர்க்காத விடுதிகள் உண்டு. கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

விடுதி முகவரி குடிநுழைவுக்கும் தேவை. மலேசியா போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையில் தங்குமிடத்தைக் கேட்பார்கள். விமான நிலையத்திலும் முன்பதிவையும் திரும்பும் டிக்கெட்டையும் காட்டச் சொல்லலாம். இரண்டையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதி வீட்டிலும் இருக்கட்டும், விடுதியின் தொலைபேசி எண்ணோடு. மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதையும் அதிலேயே எழுதிவையுங்கள். இங்கே இரவு பத்தரைக்கு அப்பா போன் செய்தால், அங்கே ஒரு மணிக்கு அறையில் எட்டுப் பேர் எழுந்துகொள்வார்கள்.

விமான நிலையம் ஊரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். காலையில் இறங்கினால், பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டில் கொடுப்பார்கள். அதுவரை பையை வைத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டால் போதும், ஊர் சுற்றக் கிளம்பலாம். நடக்கும்போது பையைச் சாலைப் பக்கத்துத் தோளில் மாட்ட வேண்டாம். கடைவீடுகளின் முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையில் பொருள்களை அடுக்கியிருப்பார்கள், அடிக்கடி சாலையில் இறங்க வேண்டிவரும். மோட்டார் சைக்கிளில் வந்து பை பறிக்கும் ஆட்கள் காத்திருப்பது அதற்குத்தான்.

ஒரு வாரப் பயணம் என்றாலும் முதலில் இரண்டு இரவுக்கு மட்டும் பதிவு செய்யுங்கள். பிடித்திருந்தால் வரவேற்பிலேயே நீட்டித்துக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடக்க வேண்டியதுதான். ஜார்ஜ் டவுனின் பழைய நகருக்குள் அது பத்து, பதினைந்து நிமிட நடை.