சுவரைத் தாண்டிய வைரஸ்

மூளையைப் பார்த்தல் – 9

ஜிகேம்ப் பிறந்த கதையோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். 2001-ல் ஜப்பானில் ஜுனிச்சி நகாயும் அவருடைய கூட்டாளிகளும் ஜெல்லி மீனின் பச்சைப் புரதத்தை வெட்டி, முனைகளை மாற்றி ஒட்டி, அதன் ஒரு பக்கம் கால்மோடுலினையும் மறுபக்கம் எம்13 என்ற சிறு புரதத் துண்டையும் இணைத்தார்கள். நரம்புச்செல் துடிக்கும்போது கால்சியம் உள்ளே பாய்கிறது. கால்மோடுலின் அதைப் பற்றிக்கொண்டு எம்13-ஐச் சுற்றி வளைகிறது. உடனே பச்சை ஒளி கூடுகிறது. 2013-ல் அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு மையத்திலிருந்து வந்த ஜிகேம்ப்6, ஒரு செல்லின் ஒரே ஒரு துடிப்பைக்கூடக் காட்டும் அளவுக்குக் கூர்மையானது.

விளக்கு தயாராகிவிட்டது. அதை மூளைக்குள் எப்படிக் கொண்டுசேர்ப்பது? புரதத்தைச் செய்து ஊசியில் ஏற்றிப் பயனில்லை. லட்சக்கணக்கான செல்களுக்குள் அது நுழையாது, நுழைந்தாலும் சிதைந்துபோகும். செல்லே அந்தப் புரதத்தை நாள்தோறும் செய்துகொள்ள வேண்டும். அதற்கு மரபணுவை உள்ளே அனுப்ப வேண்டும். அந்த வேலையைச் செய்யக் கிடைத்தது ஏஏவி என்ற வைரஸ்.

1965-ல் அடினோவைரஸ் மாதிரிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அவற்றுக்கிடையே ஒட்டிக்கொண்டிருந்த மிகச் சிறு உருண்டைகளாகக் கண்ணில் பட்டது இது. குறுக்களவு ஏறத்தாழ 25 நானோமீட்டர். மனிதரிடம் எந்த நோயையும் உண்டாக்குவதாகத் தெரியவில்லை. அதன் சொந்த மரபணுக்களை எடுத்துவிட்டு, இரு முனைகளை மட்டும் விட்டுவைத்து, நமக்கு வேண்டியதை நடுவில் வைக்கலாம். இடம்தான் குறைவு: சுமார் 4,700 எழுத்துகள். ஜிகேம்ப்புக்கு ஏறக்குறைய 1,350 எழுத்துகள் போதும். நரம்புச்செல்லில் மட்டும் மரபணுவை இயக்கும் சினாப்சின் தூண்டிக்கு இன்னும் 500. எல்லாம் தாராளமாக அடங்கிவிடுகின்றன.

பல ஆண்டுகளாக நடந்த முறை இது. எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, தலை இம்மியும் அசையாதபடி உலோகச் சட்டத்தில் பொருத்துவார்கள். மண்டையோட்டில் மெல்லிய துளை. இழுத்துக் கூராக்கிய கண்ணாடிக் குழாயை அதன் வழியே இறக்கி, வைரஸ் கரைசலை நானோலிட்டர் கணக்கில் மெதுவாகச் செலுத்துவார்கள். செலுத்தியதும் குழாயை உருவக் கூடாது. சில நிமிடங்கள் அப்படியே விட்டுவைக்க வேண்டும்; இல்லையென்றால் கரைசல் குழாய் வந்த வழியே மேலேறி வழிந்துவிடும். பிறகு துளைக்கு மேல் வட்டக் கண்ணாடி ஒன்றைப் பதித்து, இரண்டு மூன்று வாரம் காத்திருந்தால் செல்கள் ஒளிரத் தொடங்கும்.

முறை நம்பகமானது. ஆனால் ஊசி பட்ட இடத்தைச் சுற்றி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் ஒளிரும். நடுவில் இருக்கும் செல்களுக்கு அளவுக்கு மீறி வைரஸ் சேரும், விளிம்பில் போதாது. மிதமிஞ்சிய ஜிகேம்ப் செல்லின் கருவுக்குள்ளும் நிரம்பி, அதன் இயல்பையே கெடுத்துவிடும். பிறப்பிலிருந்தே ஜிகேம்ப் சுரக்கும்படி வளர்த்த சில எலி வகைகளில் வலிப்பு போன்ற மின்னலைகள் தெரிந்ததாக 2017-ல் ஓர் எச்சரிக்கை வெளியானது. அளக்க வைத்த கருவியே அளக்கப்படுவதை மாற்றுகிறது என்றால் அந்த அளவை நாம் நம்பவே முடியாது. இந்தத் துறையில் ஒவ்வொருவரும் நெஞ்சில் நிறுத்த வேண்டிய எச்சரிக்கை இது.

மூளை முழுவதும் சீராகப் பரவ வேண்டுமானால் ரத்தத்தின் வழியே அனுப்புவதுதான் வழி. ஒவ்வொரு நரம்புச்செல்லுக்கு அருகிலும் ஒரு நுண்குழாய் ஓடுகிறது. ஆனால் அந்தக் குழாய்களின் சுவர் சாதாரணமானதல்ல. 1885-ல் பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றினார். எல்லா உறுப்பும் நிறம் பிடித்தது, மூளை மட்டும் வெளுத்தே கிடந்தது. மூளை சாயத்தை ஏற்காத உறுப்பு என்று அவர் நினைத்தார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913-ல் சாயத்தை மூளைத் தண்டுவட நீரிலேயே செலுத்தினார். மூளை நன்றாகவே நிறம் பிடித்தது. அப்படியென்றால் இடையில் ஒரு தடுப்பு இருக்கிறது. ஏஏவி வகைகளில் ஒன்பதாவது, அந்தத் தடுப்பை ஓரளவு கடந்தது. வளர்ந்த எலிகளில் அது போதவில்லை.

2016-ல் கால்டெக்கில் பென் டெவர்மனும் விவியானா கிரடினாருவும் செய்தது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. எந்த உறை தடுப்பைத் தாண்டும் என்று யோசித்து வடிவமைக்க அவர்கள் முயலவில்லை. ஏஏவி9-ன் புற உறையில் ஓரிடத்தில் ஏழு அமினோ அமிலங்களைத் தாறுமாறாகச் செருகிக் கோடிக்கணக்கான வகைகளை உண்டாக்கி, எலியின் ரத்தத்தில் விட்டார்கள். மூளையில் குறிப்பிட்ட செல்களில் மட்டும் க்ரே என்ற நொதி இருக்கும்படி வளர்த்த எலிகள் அவை. அந்தச் செல்லுக்குள் போய்ச் சேர்ந்து வேலை செய்த வைரஸின் மரபணுத் துண்டை அந்த நொதி தலைகீழாகத் திருப்பிவிடும். திரும்பிய துண்டுகளை மட்டும் பொறுக்கியெடுத்தார்கள். வழியில் தங்கியவை, ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியவை எல்லாம் தாமாகவே கழிந்துபோயின. எஞ்சியதில் ஒன்று பிஎச்பி.பி. ஏஏவி9-ஐவிடக் குறைந்தது 40 மடங்கு திறமையாக அது மூளைக்குள் போனது. அடுத்த ஆண்டே பிஎச்பி.இபி வந்தது. 10,000 கோடி வைரஸ் துகள்களை ரத்தத்தில் ஏற்றியபோது புறணியின் நரம்புச்செல்களில் 69 சதவீதத்தை எட்டியது. மண்டையோட்டைத் துளைத்து மூளைக்குள் ஊசி இறக்காமலே!

மனிதருக்கும் மருந்தை இப்படியே கொண்டுபோகலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. 2018-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு ஒன்று அந்த நம்பிக்கையை உடைத்தது. பிளாக் 6 எனப்படும் கறுப்பு எலியில் பிரமாதமாக வேலை செய்த பிஎச்பி.பி, பால்ப்-சி என்ற வெள்ளை எலியில் அந்தத் திறமையைக் காட்டவே இல்லை. குரங்கிலும் இல்லை. மறு ஆண்டு காரணம் தெரிந்தது. கறுப்பு எலியின் மூளை ரத்தக்குழாய்ச் சுவரில் எல்ஒய்6ஏ என்ற புரதம் இருக்கிறது. வைரஸ் அதைப் பிடித்துத்தான் உள்ளே ஏறுகிறது. வெள்ளை எலியில் அந்தப் புரதம் சற்று மாறுபட்டது. குரங்குகளிடமும் மனிதரிடமும் அதற்கு நேரான இணை கிடையாது. பிஎச்பி.பி-ஐக் கண்டுபிடித்தவர்களுக்குக் கிடைத்த அதே மதிப்பை, அது எங்கே தோற்கிறது என்று சோதித்து வெளியிட்டவர்களுக்கும் தர வேண்டும். அந்தத் தோல்விதான் வாசல் எது என்று காட்டியது. வாசல் தெரிந்ததும் ஆராய்ச்சி தலைகீழானது. முதலில் மனித மூளைச் சுவரில் இருக்கும் புரதத்தைத் தேர்ந்துகொண்டு, அதற்குப் பொருந்தும் உறையைத் தேடலாம்.

2024-ல் டெவர்மனின் பிராட் நிறுவனக் குழு அதைத்தான் செய்தது. மூளைக்கு இரும்புச்சத்தை ஏற்றிச்செல்லும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி மனிதர் எல்லோரிடமும் உண்டு. அதைப் பிடிக்கும் உறையைத் தேர்ந்து, மனித ஏற்பி பொருத்திய எலிகளில் செலுத்தினார்கள். ஏஏவி9-ஐவிட 40 முதல் 50 மடங்கு மரபணு மூளையில் வேலை செய்தது.

இது நோய் தீர்க்கும் மரபணுக்களுக்கான பாதை. ஜிகேம்ப் போன்ற உணரிகளைப் பொறுத்தவரை இப்போது எட்டியிருப்பது குரங்குவரைதான். குரங்குகளிலேயே தேடித் தேர்ந்த கேப்-மேக் என்ற உறையை 2023-ல் கிரடினாரு குழு வெளியிட்டது. ரீசஸ் குரங்கின் ரத்தத்தில் ஜிகேம்ப்பை இந்த உறையில் அனுப்பி, பின்னர் அதன் மூளைத் துண்டுகளில் செல்கள் ஒளிர்வதைப் பார்த்தார்கள். துண்டுகளில்தான், உயிருள்ள மூளையில் அல்ல. ஒரு மில்லிமீட்டர் ஆழம் தாண்டினாலே திசு ஒளியைச் சிதறடித்துவிடுகிறது. தடித்த மண்டையோடு வேறு. விளக்கைக் கொண்டுசேர்க்கும் வழி கிடைத்த பிறகும் அதன் வெளிச்சத்தை வெளியே கொண்டுவர வேண்டியிருக்கிறது. இரண்டு ஃபோட்டான் நுண்ணோக்கி எவ்வளவு ஆழம் எட்டுகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.