பாட்டியின் மாத்திரை அட்டையில் ரெண்டு குழி காலி... காப்பாற்றுமா 'ஸ்மார்ட்' பேக்கேஜிங்?

போன மாதம் அக்கா வீட்டில் ஒரே களேபரம். அவள் மாமியாரின் சர்க்கரை மாத்திரை அட்டையோடு நிற்கிறான் மூன்று வயதுக் குட்டி. இரண்டு குழிகள் காலி. "அத்தை, காலையில நீங்க போட்டீங்களா?" என்று அக்கா பதற, அத்தைக்கு ஞாபகமில்லை. சில வகை சர்க்கரை மாத்திரைகளில் ஒன்றே ஒன்றுகூட சின்னக் குழந்தையின் ரத்த சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். நல்லவேளை, இரண்டும் சோபாவுக்கு அடியில் கிடைத்தன. அப்புறம்தான் எங்களுக்கு மூச்சே வந்தது.

'எத்தனை போச்சு, எப்போ போச்சு?' என்ற அந்தக் கேள்விக்கு ஸ்மார்ட் பேக்கேஜிங்கில் பதில் இருக்கிறது. மாத்திரை அட்டையின் பின்புறம் மின்சாரம் கடத்தும் மையால் மெல்லிய கோடுகளை அச்சிடுகிறார்கள். மாத்திரையை அழுத்தி எடுத்ததும் கோடு அறுந்துவிடும். எந்தக் குழி, எத்தனை மணிக்குத் திறந்தது என்பதைக் குட்டி சிப் ஒன்று பதிவு செய்துகொள்ளும். திறந்தால் போனுக்குத் தகவல் அனுப்பும் பாட்டில் மூடிகளும் உண்டு. நோயாளி ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறாரா என்று கவனிக்க வந்தவை இவை. குழந்தைப் பாதுகாப்பு, கூடுதல் பலன்தான்.

ஆனால், மெசேஜ் வருவதற்குள் மாத்திரை வாய்க்குள் போயிருக்குமே? கையைத் தடுப்பது என்னவோ பழைய டெக்னிக்தான்... அழுத்தித் திருப்பும் மூடி! 1967-ல் கனடாவின் விண்ட்சர் நகரக் குழந்தை மருத்துவர் ஹென்றி ப்ரோவின் முயற்சியில் பரவியது இது. 1970-ல் அமெரிக்கா சட்டமே போட்டது. அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் டப்பாவைக் கொடுத்து 10 நிமிடம் விடுகிறார்கள். 80 சதவிகிதக் குழந்தைகளாவது திறக்க முடியாமல் தோற்றால்தான் டப்பா பாஸ். 50 முதல் 70 வயதுக்காரர்களால் திறக்கவும் முடிய வேண்டும். இல்லையென்றால் மூட்டுவலிப் பாட்டிகள் மூடாமலே வைத்துவிடுவார்களே!

நம் ஊரில் மெடிக்கலில் அட்டையை நாலு மாத்திரைக்கு வெட்டி கவரில் போட்டுத் தருகிறார்கள். அதில் எந்த சிப்பை ஒட்டுவது? கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை, பார்க்க மிட்டாய் மாதிரியே இருக்கும். அளவு மீறினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

ஒருவேளை விழுங்கிவிட்டால், உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காலி அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸின் விஷமுறிவுத் தகவல் மையத்தையும் 1800 116 117 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

அக்கா வீட்டில் இப்போது மாத்திரைகள் மேல் அலமாரியில், பூட்டோடு. அட்டையில் ஒவ்வொரு குழி மேலும் பேனாவால் தேதி எழுதியிருக்கிறாள். சாவியை எங்கே வைத்தோம் என்றுதான் அத்தை தினமும் தேடிக்கொண்டிருக்கிறார்.