காத்திருக்கும் தாய்க்கு நோய்ப்பெயர் வேண்டாம்

மனச்சோர்வு, மனவடு, மறுப்பு என்ற சொற்கள் இப்போது எங்கள் கரையோர ஊரான அரிப்பிலும் புழங்குகின்றன. முன்பு எல்லாவற்றுக்கும் ‘விசர்’ என்ற ஒரே சொல்தான் இருந்தது. அது மாறியது நல்லதே. ஆனால் முசலிப் பகுதியில் உளவளத்துணை வேலை செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தப் பெயர்களை நிலைமை அறிந்துதான் ஒருவருக்கு வைக்க வேண்டும்.

மனச்சோர்வு ஒரு நாள் கவலையல்ல. குறைந்தது 2 வாரம், ஏறக்குறைய எல்லா நாளும் மனம் கனத்தோ எதிலும் நாட்டமில்லாமலோ இருக்கும். தூக்கம், பசி, உடற்தெம்பு, கவனம் எல்லாம் கெடும். உயிராபத்தான ஒன்றைக் கண்டவர்களுக்கோ பட்டவர்களுக்கோ, ஒரு மாதம் கடந்தும் அது திரும்பத் திரும்ப நடப்பதுபோல் இருந்தால் அது மனவடு நோயாக இருக்கலாம். பட்டாசு வெடித்தாலே உடம்பு பதறும்; அது நடந்த இடத்துப் பக்கமே போகமாட்டார்கள். மறுப்பு என்பது, தாங்கமுடியாத உண்மையை மனம் உள்ளே விடாமல் தடுப்பது. மனத்தின் இத்தகைய தற்காப்பு வழிகளை உளப்பகுப்பாய்வாளர் அன்னா பிராய்ட் 1936இல் தொகுத்து எழுதினார்.

இவற்றுள் எதிலும் அடங்காத துயரம் ஒன்று எங்கள் கரையில் உண்டு. எனக்குத் தெரிந்த தாயொருவரின் மகன் யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமற்போனான். நவம்பர் 2, மரித்தவர்களுக்கான பூசைக்கு அவர் புருசனின் பேரைக் கொடுப்பார். மகனின் பேரைக் கொடுக்கமாட்டார். மகனுக்காக, தொலைந்ததை மீட்டுத்தரும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவார். “செத்தவையோட சேர்த்தா நானே அவனைக் கொண்டுபோட்ட மாதிரியெல்லோ, பிள்ளை” என்றார்.

இதை மறுப்பு என்கிறார்கள் சிலர். மறுப்பதற்கு ஓர் உண்மை கையில் இருக்க வேண்டுமே! அவருக்கு உடலும் கிடைக்கவில்லை, செய்தியும் வரவில்லை.

அமெரிக்க ஆய்வாளர் போலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்து, இதற்குத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பொருள்படும் பெயர் வைத்தார். ஆள் இல்லை, நினைவில் மட்டும் இருக்கிறார் என்பது ஒரு வகை. ஆள் எதிரே இருந்தும் மறதி நோயால் நம்மை அறியாமற்போவது மற்றொரு வகை. குழம்பிக் கிடப்பது நிலைமை; அந்த மனிதரின் மனம் அல்ல என்பதே பாஸின் அடிப்படைக் கருத்து. “அவன் இல்லாமல் இருக்கலாம், வரவும் கூடும்” என்று இரண்டையும் ஒருசேரத் தாங்கி வாழப் பழகுவதே வழி என்கிறார்.

அந்த நம்பிக்கையை யாரும் ஏளனம் செய்யவேண்டாம். நெடுங்காலம் கழித்து மீண்டவர்களும் உண்டு: 1660இல் கண்டி அரசிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயக் கடலோடி ராபர்ட் நொக்ஸ், 19 ஆண்டுகளுக்குப் பிறகு 1679இல் தப்பிவந்து சேர்ந்தது எங்கள் அரிப்புக் கோட்டைக்குத்தான்.

இலங்கையில் 2016இல் வந்த சட்டத்தின்படி, இறப்புச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத குடும்பங்கள், ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் சொல்லும் சான்றிதழைப் பெறலாம். மகன் செத்தான் என்று கையெழுத்திடாமலே காரியங்களைப் பார்க்க அது உதவும்.

போர் தனிமனத்தை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியிருக்கிறார். அப்படியானால் ஆற்றவேண்டியதும் ஊர்தான். “செத்திட்டான் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ” என்று காத்திருக்கும் தாயிடம் சொல்லாதீர்கள். அவன் பேரைச் சொல்லிக் கதையுங்கள், அலுவலகங்களுக்குத் துணையாகப் போங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டால், சாகலாம் என்ற பேச்சு வந்தால், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கும் அழைக்கலாம்.