பெட்டி போட்டா ஓவியமா?

இந்த எபிசோடை மரக்காணம் உப்பளத்து வரப்பில் நின்னு பதிவு பண்றேன். காத்துச் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கங்க.

வி. விஸ்வநாதனோட ஓவியம் ஒன்றை என் மாமாவுக்கு போன்ல காட்டினேன். முப்பது வருஷம் இங்கே உப்பு வாரினவர். "நாலு பெட்டி போட்டு கலர் அடிச்சிருக்கான். இதுக்கு எதுக்குப்பா இவ்ளோ பேச்சு?"ன்னார். நியாயமான கேள்விதான். அவருக்குப் பதில் சொல்ற மாதிரியே இன்னிக்குப் பேசிடறேன்.

விஸ்வநாதன் 1940இல் கேரளத்தில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் படிச்சார். பணிக்கர் முன்நின்று 1966இல் தொடங்கின சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் ஆரம்பகால உறுப்பினர்களில் ஒருவர். அந்த ஈஞ்சம்பாக்கமும் இதே கிழக்குக் கடற்கரைச் சாலைதான், இங்கிருந்து வடக்கே சுமார் 100 கிலோமீட்டர். 1968இல் பாரிஸ் போய் அங்கேயே தங்கிட்டார். 1970களில் இந்தியக் கடற்கரை நெடுகப் பயணம் பண்ணி மணல் சேகரிச்சு, அதை வெச்சு ஒரு படமும் எடுத்திருக்கார். அவர் கேன்வாஸில் முக்கோணம், சதுரம், பட்டை, அவ்வளவுதான். ஆள் இல்லை, மரம் இல்லை.

அதையெல்லாம் எடுத்துட்டா என்ன மிச்சம்? இந்தப் பாத்திகளையே பாருங்க. எல்லாம் ஏறக்குறைய ஒரே வடிவம். தண்ணி விட்ட புதுசில் மண் நிறம், வெயிலில் அடர்த்தி ஏற ஏற நிறம் மாறும். எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது. மாமா வரப்பில் நின்னபடியே, "அது நாளைக்கழிச்சுப் பூக்கும், இது இன்னும் ஆகலை"ங்கிறார். 25 டிகிரியை ஒட்டித்தான் உப்பு படிய ஆரம்பிக்கும். கருவியை முக்கிப் பார்க்கிறதுக்கு முன்னாடியே அவர் கண்ணு சொல்லிடுது. வடிவம் மாறாம இருக்கிறதால்தான் நிறத்தில் நடக்கிற சின்ன மாற்றம் அவருக்குப் பிடிபடுது.

இதைத்தான் ஜோசப் ஆல்பர்ஸ் அமெரிக்காவில் வேற வழியில் செஞ்சார். 1950இலிருந்து 1976இல் இறக்கிற வரைக்கும் ஒரு வரிசை ஓவியங்கள், எல்லாத்திலும் சதுரத்துக்குள் சதுரம். ஆயிரத்துக்கும் மேல வரைஞ்சார். பைத்தியமான்னு தோணும். ஆனா ஒரே சாம்பலை மஞ்சள் பக்கத்தில் வெச்சா நீலம் பாய்ஞ்ச மாதிரி தெரியும், நீலத்துப் பக்கத்தில் வெச்சா வெதுவெதுப்பா மாறும். நிறம் எப்படித் தெரியும்கிறதைப் பக்கத்து நிறமும் சேர்ந்துதான் முடிவு பண்ணுது. சதுரம் அதைக் காட்டுற ஒரு பாத்தி, வேற ஒண்ணும் இல்லை.

"அப்போ இது எங்க உப்பளத்தைப் பார்த்து வரைஞ்சதா?"ன்னார் மாமா. இல்லை. நஸ்ரீன் மொஹமதி (1937–1990) கடலோரத்தை நிறைய போட்டோ எடுத்தவர். அவரோட பேனா, பென்சில் கோடுகளைப் பார்த்தா கடல்னு சொல்லத் தோணும். ஆனா அதில் கடல் இல்லை. நிறத்தையும் கிட்டத்தட்ட விட்டுட்டு, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை மட்டும் வெச்சு வேலை பார்த்தார். 'இது எது மாதிரி இருக்கு?'ன்னு தேடுறவரைக்கும் அந்த இடைவெளி நம்ம கண்ணில் படாது.

இன்னொண்ணும் சொல்லணும். கண்காட்சிக் குறிப்புகளில் 'வெள்ளையின் அமைதி'ன்னு எழுதுவாங்க. எனக்கு அது நெருடும். இங்கே உப்புக் குவியலில் பட்டுத் திரும்புற வெயில் அமைதி இல்லை, வேலை செய்றவங்க கண்ணை எரிக்கிற விஷயம். மாமா இப்பவும் கையை நெத்தியில் வெச்சுத்தான் பார்க்கிறார்.

மத்தியானம் அவரே போனை மறுபடி வாங்கினார். கொஞ்ச நேரம் பேசாம பார்த்துட்டு, "ஓரத்துல இருக்கிற செவப்பு சரியில்லப்பா. பக்கத்துல மஞ்சள் வெச்சதும் செத்துப்போச்சு"ன்னார். எனக்குப் பிடிச்சதே அந்தச் செவப்புதான். பஸ் வர்ற வரைக்கும் அதுக்காகச் சண்டை போட்டோம்.