பகுபதமும் ஆங்கிலச் சொல்லும்

ஆயிரம் ஆங்கிலச் சொற்கள் அடங்கிய பட்டியலொன்றை வாங்கிக் கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு அந்த பாஷை வந்துவிடும் என்று எண்ணும் பெற்றோர் நம்மிடையே அநேகர். பிள்ளையும் நாளொன்றுக்குப் பத்துச் சொல்லாக நெட்டுருப் போடுகிறது. பதினைந்தாம் நாள் பார்த்தால் முதல் நாள் கற்றது மறந்து போயிருக்கும். வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளைக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. செவி வழியாகவே அது கற்றுக்கொள்ளும். பள்ளி முழுவதும் தமிழில் பயின்று, கல்லூரியில் திடீரென்று ஆங்கிலப் புத்தகத்தை எதிர்கொள்ளும் மாணாக்கருக்கோ, சொல் தெரியாமையே அறிவில்லாமை போலத் தோன்றிவிடுகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலர் இதனாலேயே மனமுடைந்து விஞ்ஞானத்தைக் கைவிட்டதை நாம் நேரில் கண்டிருக்கிறோம்.

அவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். ஆங்கிலச் சொல்லின் பூட்டைத் திறக்கும் சாவி அவர்களுடைய தமிழ் இலக்கணப் புத்தகத்திலேயே இருக்கிறது.

'செய்தனன்' என்பதைச் செய், த், அன், அன் என்று பிரித்து, இது பகுதி, இது இடைநிலை, இது சாரியை, இது விகுதி என்று சொல்லத் தெரிந்த மாணவனுக்கு ஆங்கிலச் சொல்லைப் பிரிப்பது புது வித்தையன்று. லத்தீன் மொழியில் 'போர்ட்' என்னும் பகுதிக்குச் சுமத்தல், கொண்டு செல்லுதல் என்று பொருள். ரயில் நிலையத்துப் போர்ட்டர் சுமப்பவர். சரக்கை உள்ளே கொண்டு வருவது இம்போர்ட்; வெளியே கொண்டு போவது எக்ஸ்போர்ட்; ஓரிடத்திலிருந்து அப்பால் கொண்டு செல்வது டிரான்ஸ்போர்ட்; கண்டதைத் திரும்பக் கொண்டு வந்து சொல்வது ரிப்போர்ட்; கீழேயிருந்து தாங்குவது ஸப்போர்ட். தமிழில் உறுப்புக்கள் பகுதியின் பின்னே வரும். அங்கே முன்னும் பின்னும் வரும். வேற்றுமை இவ்வளவே.

புணர்ச்சி விதியும் அங்கே உண்டு. பல்லும் பொடியும் சேர்ந்தால் பற்பொடி. மண்ணும் குடமும் சேர்ந்தால் மட்குடம். அவ்வாறே 'இன்' என்னும் முன்னொட்டு, வருமெழுத்துக்கு இணங்கித் திரிகிறது. பாஸிபிளுக்கு முன் 'இம்' என்றும், லீகலுக்கு முன் 'இல்' என்றும், ரெகுலருக்கு முன் 'இர்' என்றும் ஆகிறது. இல்லீகலில் 'எல்' ஏன் இரண்டு என்று கேட்கும் பிள்ளைக்கு, "அப்படித்தான், மனப்பாடம் செய்" என்று பதில் சொல்வதைக் காட்டிலும் மட்குடத்தை நினைவூட்டுவது மேல்.

இந்த 'இன்'னில் ஓர் அபாயமும் இருக்கிறது. 'இல்லை' என்று பொருள்படும் 'இன்' ஒன்று. 'உள்ளே' என்று பொருள்படும் 'இன்' மற்றொன்று. பெட்ரோல் லாரிகளின் முதுகில் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கக் கண்டிருக்கிறோம். இதைத் 'தீப்பற்றாதது' என்று படிப்பவன் பக்கத்தில் நின்று பீடி பற்றவைக்கக் கூடும்! உண்மையில் அதன் பொருள் 'தீ உட்புகுந்து எரியக்கூடியது' என்பது. இந்த மயக்கத்துக்கு அஞ்சியே அமெரிக்கத் தீத்தடுப்பு நிபுணர்கள் 20-ஆம் நூற்றாண்டில் 'இன்'னை நீக்கி, வெறும் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதும்படி வற்புறுத்தினார்கள்.

லத்தீனுக்கு இலக்கணம் துணை செய்வது போலக் கிரேக்கத்துக்கு நமது கலைச்சொற்கள் துணை செய்கின்றன. தமிழில் கலைச்சொல் ஆக்கியோர் கிரேக்கச் சொல்லைப் பிரித்துப் பார்த்தே பல பெயர்களை அமைத்தனர். 'போட்டோ' ஒளி, 'ஸின்தெஸிஸ்' சேர்க்கை, ஆகவே ஒளிச்சேர்க்கை. 'டெலி' தொலை, 'ஸ்கோப்' நோக்குவது, ஆகவே தொலைநோக்கி. 'மைக்ரோ' நுண்மை, ஆகவே நுண்ணோக்கி. தமிழ்ப் பெயரைக் கற்ற மாணவன் கிரேக்க மூலத்தின் பொருளை அறியாமலே அறிந்திருக்கிறான். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுவாரில்லை என்பதுதான் குறை. சில இடங்களில் நம்மவர் தம் போக்கில் போயிருப்பதும் உண்டு. ஹிப்போபொடாமஸ் என்பது கிரேக்கத்தில் 'ஆற்றுக் குதிரை'. நமக்கோ அது நீர்யானை. நரி பரியான கதையை அறிந்த நாட்டில் பரி யானையானதில் வியப்பில்லை.

வடசொற்கள் தமிழில் கலந்திருப்பதால் விளையும் லாபம் ஒன்றும் உண்டு. ஸம்ஸ்கிருதமும் லத்தீனும் கிரேக்கமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாயிருத்தல் வேண்டும் என்று ஸர் வில்லியம் ஜோன்ஸ் 1786-இல் கல்கத்தாவில் எடுத்துரைத்தார். தமிழ் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஆயினும் அக்குடும்பத்துச் சொற்கள் நம் வீடுகளில் நெடுங்காலமாகப் புழங்குகின்றன. பல் வைத்தியரைக் குறிக்கும் டென்டிஸ்டில் இருப்பது தந்தம். சைக்கிள் பெடலில் இருப்பது பாதம். அமிர்தம் என்பது சாவாமையைத் தருவது. 'இம்மார்ட்டல்' என்பதிலும் அதே மறுப்பும் அதே சாவும் அடங்கியுள்ளன.

ஆனால் வேர்ச்சொல்லை வேதவாக்காகக் கொள்ளலாகாது. 'பெடல்' பாதத்தைச் சேர்ந்தது என்று கற்றவன் 'பீடியாட்ரிக்ஸ்' என்பதைப் பாத வைத்தியம் என்று எண்ணிவிடுவான். அதுவோ குழந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆக்ஸிஜன் என்றால் அமிலத்தைப் பிறப்பிப்பது. பிரெஞ்சு ரஸாயன அறிஞர் லவாய்ஸியே அமிலங்கள் அனைத்திலும் அது உண்டு என்று கருதி அப்பெயரை இட்டார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது அணுவளவும் இல்லை! பிராணவாயு என்ற நமது பழைய பெயரே அதற்குப் பொருத்தம் என்பது நமது துணிபு. அன்றியும் வா, போ, நீர், ரொட்டி முதலிய அன்றாடச் சொற்களுக்கு இம்முறை உதவாது. அவை ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. பேசிப் பழகியே அவற்றைப் பெறவேண்டும். ஆகையால் எட்டாம் வகுப்புக்கு முன் இதைத் தொடங்குதல் வீண்.

தொடங்கும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வேருக்கு ஒரு பக்கம் ஒதுக்குக. வாரத்துக்கு இரண்டு வேர்கள் போதும். பிள்ளையின் வாயில் ஏற்கெனவே வழங்கும் சொல்லை முதலில் எழுதுக. புதுச் சொற்கள் அதன் கீழே வரட்டும். முதற் பக்கத்துக்குப் போர்ட்டர் இருக்கிறார். இரண்டாம் பக்கத்துக்கு எழுதுதலைக் குறிக்கும் 'ஸ்க்ரிப்ட்'டை எடுத்துக்கொள்ளலாம். டாக்டர் எழுதித் தந்த பிரிஸ்கிரிப்ஷன் எந்த வீட்டிலும் ஒன்று கிடக்கும்.