கடல் தாண்டிய முதல் அலுவலகம்

வெளிநாட்டில் ஒரு நிறுவனம் திறக்கும் முதல் அலுவலகம் பெரும்பாலும் மிகச் சிறியது. ஓர் அறை, இரண்டு மூன்று பேர், ஒரு வங்கிக் கணக்கு, அவ்வளவுதான். அந்தச் சிறிய அறைக்கு இரண்டு அரசுகளின் விதிகள் ஒரே நேரத்தில் பொருந்தும். பணம் வெளியே போவதற்கு இந்தியாவின் விதி. அந்தப் பணத்தை வைத்துத் தொழில் செய்யப் போகும் ஆளுக்கு அந்த நாட்டின் விதி. தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்று சிங்கப்பூரில் அலுவலகம் திறப்பதை எடுத்துக்கொண்டால் இந்த வேலையின் எல்லாக் கட்டங்களும் தெளிவாகப் புரியும். பதிவு வேலை விரைவில் முடிந்துவிடும். அங்கே யார் உட்காரப் போகிறார், அவருக்கு என்ன அதிகாரம் என்ற முடிவுதான் அலுவலகம் நிலைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

தேவை எப்போது வருகிறது?

ஏற்றுமதி செய்வதற்கு வெளிநாட்டில் அலுவலகம் கட்டாயம் இல்லை. அங்குள்ள விநியோகஸ்தர் அல்லது கமிஷன் ஏஜெண்ட் மூலமாகவே பல ஆண்டுகள் வியாபாரம் நடத்தலாம். வாடிக்கையாளர் உள்ளூர் நிறுவனத்தின் பெயரில் பில் கேட்கும்போதும், விற்ற இயந்திரம் நின்றால் அன்றைக்கே ஆள் வரவேண்டும் என்று நிபந்தனை போடும்போதும், டெண்டரில் கலந்துகொள்ள உள்ளூர்ப் பதிவு வேண்டும் என்னும்போதும் சொந்த அலுவலகத்தின் தேவை எழுகிறது. சேவைத் துறையில் அது இன்னும் முன்கூட்டியே வரும். 1981-இல் தொடங்கிய இன்ஃபோசிஸ், 1987-இலேயே அமெரிக்காவின் பாஸ்டனில் தன் முதல் வெளிநாட்டு அலுவலகத்தைத் திறந்தது.

மூன்று வடிவங்கள்

சிங்கப்பூரில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பிரதிநிதி அலுவலகம். சந்தையை ஆராயலாம், விசாரணைகளுக்குப் பதில் சொல்லலாம். விற்பனை செய்யவோ, ஒப்பந்தம் போடவோ, பில் எழுதவோ கூடாது. தாய் நிறுவனம் தொடங்கி மூன்று ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும், அதன் விற்பனை 2,50,000 அமெரிக்க டாலருக்கு மேல் இருக்க வேண்டும், அலுவலகத்தின் பணியாளர்கள் ஐந்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்குத்தான் இந்த ஏற்பாடு.

இரண்டாவது, கிளை. இது தாய் நிறுவனத்தின் ஒரு பகுதியே. கிளை பட்ட கடனும் அதன் மேல் வரும் வழக்கும் நேராகத் தலைமை அலுவலகத்தின் தலையில் விழும். தாய் நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கையும் சிங்கப்பூரில் தாக்கல் செய்ய வேண்டும்.

மூன்றாவது, துணை நிறுவனம். அங்கே தனியாகப் பதிவாகும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி இது. பங்குகள் முழுவதையும் தாய் நிறுவனமே வைத்துக்கொள்ளலாம். சட்டத்தின் பார்வையில் தனி ஆள் என்பதால், நஷ்டம் வந்தாலும் பொதுவாகப் போட்ட பங்கு மூலதனத்தோடு பொறுப்பு நின்றுவிடும். பில் போட்டு வியாபாரம் செய்யப் போகும் நிறுவனங்களில் பெரும்பாலானவை இதையே தேர்ந்தெடுக்கின்றன.

பணம் போகும் வழி

இந்திய நிறுவனம் வெளிநாட்டில் முதலீடு செய்வதை 2022 ஆகஸ்ட் 22 அன்று நடைமுறைக்கு வந்த அந்நியச் செலாவணி வெளிநாட்டு முதலீட்டு விதிகள் ஒழுங்குபடுத்துகின்றன. நிறுவனத்தின் நிகர மதிப்பில் 400 சதவீதம் வரை, பொதுவாக ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமலே, அங்கீகாரம் பெற்ற வங்கி வழியாக அனுப்பலாம். முதல் தவணை போவதற்கு முன்பே 'ஃபார்ம் எஃப்சி' என்ற படிவத்தை வங்கியில் கொடுத்து, அந்த முதலீட்டுக்கென ஓர் அடையாள எண் பெற வேண்டும். பணம் போன ஆறு மாதத்துக்குள் பங்குச் சான்றிதழை ஆதாரமாகக் காட்ட வேண்டும். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 15-க்குள் ஓர் அறிக்கை, டிசம்பர் 31-க்குள் செயல்பாட்டு அறிக்கை. அறிக்கை தவறினால் தாமதக் கட்டணம் உண்டு. அதைச் சரிசெய்யும்வரை அடுத்த தவணையும் அனுப்ப முடியாது.

அவசரத்தில் நிறுவனர் தன் சொந்தக் கணக்கிலிருந்து பணம் அனுப்பிக் கம்பெனி தொடங்குவதும் உண்டு. தனிநபர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்ப விதி இடம் கொடுக்கிறது. ஆனால் அப்படித் தொடங்கிய கம்பெனி அவருடைய தனிச் சொத்து. அவர் நடத்தும் நிறுவனத்தின் துணை நிறுவனம் ஆகாது. பிறகு பெயர் மாற்ற முயன்றால் மதிப்பீடு, வரி, புதிய படிவம் என்று வேலை இரட்டிக்கும்.

பதிவும் முகவரியும்

சிங்கப்பூரில் கம்பெனிகளைப் பதிவு செய்யும் அமைப்பு 'அக்ரா'. பெயருக்கு 15, பதிவுக்கு 300 என மொத்தக் கட்டணம் 315 சிங்கப்பூர் டாலர். மூலதனம் ஒரு டாலர் இருந்தாலே சட்டப்படி போதும். வெளிநாட்டு நிறுவனம் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. அங்கே பதிவு பெற்ற சேவை நிறுவனம் மூலமாகத்தான் செய்ய வேண்டும். பதிவு முகவரி உண்மையான கட்டடமாக இருக்க வேண்டும், தபால் பெட்டி எண் செல்லாது. ஆறு மாதத்துக்குள் கம்பெனி செயலாளர் ஒருவரையும் நியமிக்க வேண்டும்.

இயக்குநர்களில் ஒருவராவது சிங்கப்பூரில் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்ற விதியில்தான் முடிச்சு விழுகிறது. இந்தியாவிலிருந்து அனுப்பும் மேலாளரை இயக்குநராக்க அவருக்கு அங்கே வேலை அனுமதி வேண்டும். வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க முதலில் கம்பெனி இருக்க வேண்டும். இதற்காகச் சேவை நிறுவனம் மூலம் உள்ளூர்க்காரர் ஒருவரைப் பெயரளவு இயக்குநராக வைத்துப் பதிவை முடிக்கிறார்கள். மேலாளருக்கு அனுமதி கிடைத்து அவர் அங்கே முகவரி எடுத்ததும் இயக்குநர் பொறுப்பு கைமாறும். பெயரளவு இயக்குநருக்கும் சட்டப் பொறுப்பு முழுமையாக உண்டு. அதனால் அவர் கட்டணத்தோடு முன்பணமும் கேட்பது வழக்கம்.

பதிவை விட அதிக நாள் பிடிப்பது வங்கிக் கணக்கு. தாய் நிறுவனத்தின் பங்குதாரர்கள் யார், பணம் எங்கிருந்து வருகிறது, முதல் வாடிக்கையாளர்கள் யார் என்று வங்கி துருவித் துருவிக் கேட்கும். கையெழுத்தான ஒப்பந்தமோ ஆர்டரோ கையில் இருந்தால் அந்தக் கேள்விகள் சீக்கிரம் தீரும்.

யாரை அனுப்புவது?

இந்தக் கேள்வி தமிழர்களுக்குப் புதிதல்ல. பர்மா, இலங்கை, மலேயா, சிங்கப்பூர் என்று கடை வைத்த நாட்டுக்கோட்டை நகரத்தார் இதற்கு ஒரு முறையையே வகுத்திருந்தார்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடையை நடத்தும் ஏஜெண்டுக்கு 'மேலாள்' என்று பெயர். அவருக்குக் கீழே 'அடுத்தாள்', பெட்டியடிப் பையன், சமையல்காரர். மேலாளுக்கு முதலாளி எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்து அனுப்புவார். பொதுவாக மூன்றாண்டு ஒரு தவணை. சம்பளத்தில் ஒரு பங்கு முன்கூட்டியே குடும்பத்தின் கைக்கு வரும். தவணை முடிவில் லாபத்தைப் பொறுத்துச் சன்மானம். அடுத்த மேலாள் வந்து, கணக்கைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்ட பிறகே முந்தையவர் ஊர் திரும்புவார். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கி எனப்படும் கட்டடங்களில் ஒரே கூடத்தில் பல கடைகளின் பெட்டிகள் வரிசையாக இருந்தன. தொழிலும் தங்கலும் அங்கேயே. இந்த அனுபவத்தின் தொடர்ச்சியாகவே, 1937 பிப்ரவரி 10 அன்று எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, முதல் நாளிலேயே காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் கதவு திறந்தது.

அதிகாரம், தவணை, லாபப் பங்கு, கணக்கு ஒப்படைப்பு ஆகிய நான்கும் இன்றைய நியமனத்துக்கும் வேண்டியவை. தலைமை அலுவலகத்தைக் கேட்காமல் எவ்வளவு தள்ளுபடி தரலாம், எத்தனை டாலர் வரை செலவழிக்கலாம், யாரை வேலைக்கு எடுக்கலாம் என்பதை எழுத்தில் கொடுக்காவிட்டால், அங்குள்ள மேலாளர் வெறும் தபால்காரராகிவிடுவார். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை ஒன்பதுக்கு வாடிக்கையாளர் கேட்ட விலைக்கு, சென்னையில் ஆட்கள் வந்து அமர்ந்த பிறகுதான் பதில் என்றால் மதியமாகிவிடும்.

ஊரிலிருந்து போகிறவருக்குப் பொருளும் தெரியும், தலைமையில் யாரைக் கேட்டால் வேலை நடக்கும் என்பதும் தெரியும், சந்தை தெரியாது. அங்கேயே எடுக்கும் ஆளுக்குச் சந்தை தெரியும். நிறுவனத்தின் நடைமுறை பிடிபட நாளாகும். அதனால் நம்பிக்கையான ஒருவரை ஊரிலிருந்து அனுப்பி, விற்பனைக்கு உள்ளூர் ஆளை எடுத்து, கணக்கு, சம்பளப் பட்டியல், செயலாளர் பணி ஆகியவற்றை வெளிச் சேவை நிறுவனத்திடம் விடும் ஏற்பாடு பரவலாக இருக்கிறது.

வேலை அனுமதியின் கணக்கு

மேலாளர் நிலையில் போகிறவருக்கு வேண்டியது 'எம்ப்ளாய்மென்ட் பாஸ்'. 2025 ஜனவரி முதல் புதிய விண்ணப்பங்களுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 சிங்கப்பூர் டாலர், நிதித்துறையில் 6,200. வயது கூடக் கூட இந்தத் தொகையும் ஏறி, நாற்பதுகளின் நடுவில் இருப்பவருக்கு 10,700 ஆகிறது. அனுபவசாலி வேண்டும் என்று ஐம்பது வயதுக்காரரை அனுப்ப நினைக்கும் சிறு நிறுவனம் முதலில் பார்க்க வேண்டிய எண் இது.

சம்பளத்தைத் தாண்டினால், 2023 செப்டம்பரில் வந்த 'காம்பஸ்' என்ற புள்ளி முறை. தேற 40 புள்ளிகள் வேண்டும். சம்பளம், கல்வித் தகுதி, அலுவலகத்தில் விண்ணப்பதாரரின் நாட்டவருடைய விகிதம், உள்ளூர்வாசிகளுக்குத் தரும் வேலை ஆகிய நான்குக்கும் தலா 0, 10 அல்லது 20 புள்ளிகள். தட்டுப்பாடுள்ள திறன்கள் போன்றவற்றுக்குக் கூடுதல் புள்ளிகளும் உண்டு. மேலாளர், தொழில்வல்லுநர் நிலையில் 25 பேருக்கும் குறைவாக உள்ள நிறுவனத்துக்கு அந்த நான்கில் கடைசி இரண்டிலும் தலா 10 தானாகவே கிடைக்கும். ஆக, புதிய அலுவலகம் 20 புள்ளியோடு தொடங்குகிறது. அனுப்பப்படுபவர் அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகப் பட்டதாரி என்றால் இன்னொரு 10. மீதி 10, அதே துறையில் அதே வயது உள்ளூர்வாசிகளின் சம்பள வரிசையில் 65-ஆவது சதமானத்தையாவது எட்டினால்தான் கிடைக்கும். அதற்குக் கீழே சம்பளம் நிர்ணயித்தால் கணக்கு 30-லேயே நின்றுவிடும். பட்டச் சான்றிதழின் உண்மைத்தன்மையைச் சரிபார்ப்பு நிறுவனம் மூலம் உறுதி செய்து இணைக்க வேண்டும் என்பதால், பழைய பட்டம் வைத்திருப்பவர் இந்த வேலையை முன்கூட்டியே தொடங்குவது நல்லது.

குடும்பத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. மனைவி அல்லது கணவர், பிள்ளைகளை அழைத்துப் போக மாதச் சம்பளம் 6,000 டாலராவது இருக்க வேண்டும். பெற்றோரையும் அழைக்க 12,000. சார்ந்து வந்த துணைவர் வேலைக்குப் போக விரும்பினால் தனியாக வேலை அனுமதி வாங்க வேண்டும். வீட்டு வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் யார் ஏற்பது என்பதைப் போகும் முன்பே பேசி எழுதிக்கொள்ளாததால் பாதித் தவணையில் திரும்பியவர்கள் உண்டு.

உள்ளூர் நியமனம்

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மத்திய சேமநிதி கட்டாயம். 55 வயது வரை உள்ளவருக்கு நிறுவனம் 17 சதவீதம், ஊழியர் 20 சதவீதம். 5,000 டாலர் சம்பளம் என்றால் நிறுவனத்தின் பங்கு 850. ஊழியரின் பங்கு 1,000. அவர் கைக்கு வருவது 4,000, நிறுவனத்துக்கு ஆகும் செலவு 5,850. நிரந்தரவாசி ஆன முதல் இரண்டு ஆண்டுகளுக்கு விகிதம் குறைவு. எம்ப்ளாய்மென்ட் பாஸில் வந்தவருக்கு இந்தப் பிடித்தம் இல்லை.

வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் முக்கிய நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும். சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் போய்ச் சேர வேண்டும். ஊரில் பயன்படுத்தும் நியமனக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் அது அங்குள்ள வேலைவாய்ப்புச் சட்டத்தோடு முட்டும்.

வரியும் கணக்கும்

சிங்கப்பூரில் நிறுவன வருமான வரி 17 சதவீதம். புதிய கம்பெனிகளுக்கு முதல் மூன்று ஆண்டு பெரிய விலக்கு உண்டு என்று விளம்பரங்கள் சொல்வது உண்மையே. ஆனால் பங்குதாரர்கள் 20 பேருக்கு மேல் போகாமல், குறைந்தது ஒரு தனிநபராவது 10 சதவீதப் பங்கு வைத்திருந்தால்தான் அது பொருந்தும். நூறு சதவீதப் பங்கும் இந்தியத் தாய் நிறுவனத்திடம் இருந்தால், எல்லாருக்கும் உள்ள சிறிய விலக்கு மட்டும்தான். ஆண்டு விற்பனை 10 லட்சம் டாலரைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் கட்டாயம். 2024 முதல் விகிதம் 9 சதவீதம்.

தாய் நிறுவனமும் துணை நிறுவனமும் தங்களுக்குள் செய்யும் கொடுக்கல் வாங்கலை, அந்நியர் இருவர் பேசி முடிக்கும் விலையில் காட்ட வேண்டும். லாபத்தை எங்கே காட்டியிருக்கிறார்கள் என்று இரு நாட்டு வரித்துறையும் கேட்கும். ஒரே வருமானத்துக்கு இருமுறை வரி விழாதபடி இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ள ஒப்பந்தம் பார்த்துக்கொள்ளும். ஊழியர் சம்பளத்தில் மாதந்தோறும் வரி பிடிப்பது அங்கே இல்லை. அடுத்த ஆண்டில் அவரே கட்டுவார். வெளிநாட்டு ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது மட்டும் நிறுவனம் ஒரு மாதம் முன்பே வரித்துறைக்குத் தெரிவித்து, அவருக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்திவைக்க வேண்டும்.

மூட வேண்டி வந்தால்

எல்லா அலுவலகமும் நிலைப்பதில்லை. எத்தனை மாதம், எவ்வளவு பணம் வரை பொறுத்திருப்பது என்பதைத் தொடங்கும்போதே நிர்வாகக் குழுவின் தீர்மானத்தில் எழுதிவைப்பது நல்லது. மூடும் நிலை வந்தால் ஊழியர்களின் பாக்கியும் வரியும் தீர்ந்த பிறகு, கம்பெனியின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க அக்ராவிடம் விண்ணப்பிக்க வேண்டும். மீந்த பணம் 90 நாளுக்குள் இந்தியாவுக்கு வர வேண்டும்; வந்த 30 நாளுக்குள் வங்கி வழியாக ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். கம்பெனி கலைந்த பிறகும் அதன் கணக்குப் புத்தகங்களை ஐந்து ஆண்டு பாதுகாக்க வேண்டும்.