பட்டை மாற்றும் நாள் எது?

சரக்கு வண்டி வைத்திருக்கும் நம்மில் பலர் டயரைப் பார்க்கிறோம், ஆயிலைப் பார்க்கிறோம், இன்சூரன்ஸ் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கிறோம். சரக்கு முழுவதையும் தாங்கிக்கொண்டு அடியில் கிடக்கும் ஸ்பிரிங் பட்டையை மட்டும், அது உடைகிற அன்றுதான் குனிந்து பார்க்கிறோம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

எங்கள் கடை வத்தலக்குண்டில். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, கொடைக்கானல் என்று மலைக் கடைகளுக்கு மளிகைச் சரக்கு அனுப்பி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. 2022 தீபாவளி லோடு முடிந்த மறுநாள் எங்கள் டிரைவர், "முதலாளி, இடப்பக்கம் பின்னாடி தொங்குது. பட்டையைப் பார்க்கணும்" என்றார். "பார்க்கலாம் தம்பி" என்றோம். கார்த்திகையில் மறுபடியும் சொன்னார். "பொங்கல் முடியட்டும், வண்டியை இப்ப நிறுத்த முடியாது" என்றோம். சீசன் நேரத்தில் எந்த மொத்த வியாபாரியும் சொல்லும் பதில்தான்.

2023 ஜனவரியில், பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு, அரிசியும் மண்டை வெல்லமும் எண்ணெய் டின்னும் ஏற்றிக் கொடைக்கானல் ரோட்டில் போன வண்டி, டம்டம் பாறைக்குக் கீழே ஒரு வளைவில் 'டொப்' என்ற சத்தத்தோடு இடப்பக்கம் உட்கார்ந்துவிட்டது. டிரைவர் கெட்டிக்காரர். வண்டியை மலைப்பக்கமே ஒடித்து நிறுத்தினார். பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் நிலையில் நாங்கள் இருந்திருக்க மாட்டோம். சரக்கின் மேல் உட்கார்ந்து போன லோடுமேன் தம்பி கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அவரை மேலே உட்கார வைத்ததே தப்பு. அதையும் அனுமதித்தது நாங்கள்தான். டின்கள் நசுங்கி எண்ணெய் ரோட்டில் ஓட, பின்னால் வந்த வண்டிகள் வழுக்காமல் இருக்க டிரைவர் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறார்.

பட்டறைக்காரர் உடைந்த மெயின் பட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்தார். உடைந்த வாயில் பாதி கறுத்த துரு, பாதி பளபளப்பு. "துருப் பிடித்த பாதி எப்பவோ விட்டுப்போச்சு அண்ணாச்சி. மிச்சப் பாதியிலதான் இத்தனை நாள் ஓட்டியிருக்கீங்க" என்றார். தீபாவளிக்கே டிரைவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

பட்டை வெறும் பாரம் தாங்குவது மட்டும் அல்ல என்று அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. பின் அச்சை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பதே மெயின் பட்டைதான். முன்முனை சேசிஸில் அசையாமல் மாட்டியிருக்கும். பின்முனை ஷேக்கிளில் ஆடும். மெயின் பட்டை விட்டால் அச்சு நகர்ந்து, டயர் பாடியில் உரசி, வண்டி டிரைவரின் பேச்சைக் கேட்காது. ஷாக் அப்சார்பரை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஆட்டத்தை அடக்குமே தவிர, பாரத்தைத் தாங்காது.

சரி, எப்போது மாற்றுவது? வருடக் கணக்கோ கிலோமீட்டர் கணக்கோ இதற்குச் சரிப்படாது. சமவெளியில் ஓடும் வண்டியும் மலை ஏறும் வண்டியும் ஒன்றல்ல. நாங்கள் இப்போது எடைமேடையை நம்புகிறோம். மேடை சமதளமாக இருக்கும் என்பது ஒரு வசதி. வெற்று வண்டியை நிறுத்தி, டயர் காற்று சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே பாடி விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து நோட்டில் எழுதுகிறோம். ஒரு பக்கம் ஒரு அங்குலம் இறங்கியிருந்தால் வண்டி நேரே பட்டறைக்கு. பிறகு, ஆர்.சி.யில் உள்ள அளவுக்குச் சரக்கு ஏற்றி மறுபடி குனிந்து பார்க்கிறோம். அச்சுக்கும் மேலே உள்ள ரப்பர் ஸ்டாப்பருக்கும் இடைவெளி இருக்க வேண்டும். சரியான பாரத்திலேயே அச்சு ரப்பரில் முட்டினால் பட்டை தன் ஆயுளை முடித்துவிட்டது. அதிகப் பாரத்தில் மட்டும் முட்டினால் குற்றம் பட்டையில் இல்லை, நம் லோடில்.

விரிசல் விஷயத்தில் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. பட்டையில் குறுக்கே மெல்லிய துருக்கோடு தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். சீசன், முகூர்த்தம், பொங்கல் எதுவும் அதற்குக் குறுக்கே வரக்கூடாது.

தொய்ந்த பட்டையை வளைத்து 'செட்டிங்' போட்டுத் தருகிறேன் என்பார்கள். செலவு குறைவுதான். ஆனால் முறையாகச் சூடேற்றிப் பதம் வைக்காமல் வெறுமே அடித்து வளைத்தால் சில மாதத்தில் பழையபடி இறங்கிவிடும். விரிசல் பட்டைக்கு செட்டிங் என்ற பேச்சே வேண்டாம். மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் வண்டி சாய்ந்தே ஓடும். யு-போல்ட்டும் புதிதாகவே போட வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் அதை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். முறுக்காமல் விட்டால் பட்டைக்கட்டு தளர்ந்து சென்டர் போல்ட் வெட்டுப்படும்.

இன்னொரு ஆசை நமக்கெல்லாம் உண்டு. "கூடுதலாக ஒரு பட்டை போட்டுவிட்டால் இன்னும் பத்து சிப்பம் ஏற்றலாமே!" 2019-ல் நாங்கள் அதையும் செய்தோம். வண்டி நிமிர்ந்து நின்றது. மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. வெற்று வண்டியாகத் திரும்பும்போது குதித்த குதியில் டிரைவருக்கு முதுகுவலி. தாங்கும் சக்தி கூடியது பட்டைக்கு மட்டும்தான். அச்சு, பேரிங், பிரேக், டயர், சேசிஸ் எல்லாம் பழைய அளவிலேயே இருந்தன. நிமிர்ந்து நின்றதால் அதிகப் பாரம் ஏற்றுகிறோம் என்பதே எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போனது. ஆர்.சி.யில் எழுதிய எடையும் பட்டை சேர்த்ததால் ஒரு கிலோகூடக் கூடவில்லை. 2019 செப்டம்பர் 1-ல் அமலுக்கு வந்த சட்டத் திருத்தத்தில் அதிகப் பாரத்துக்கு அபராதம் ரூ.20,000, மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000; மிகுந்த சரக்கை இறக்கும் செலவு தனி.

எங்கள் வண்டியின் மொத்த எடையில் வெற்று எடையைக் கழித்தால் 1,450 கிலோ. டிரைவருக்கும் லோடுமேனுக்கும் 150 கிலோ போக, சரக்குக்கு 1,300. 25 கிலோ சிப்பம் என்றால் 52. 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பேக்கிங் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும் ஆலைக்காரர்கள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்தார்கள் அல்லவா? நாங்கள் அதே 52 சிப்பத்தையே ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒரு நடைக்கு 52 கிலோ கூடியது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. அந்தப் பொங்கல் லோடின் பில்லைப் பிறகு கூட்டிப் பார்த்தால் 1,680 கிலோ!

இரண்டு பக்கமும் புதுப்பட்டை, யு-போல்ட், புஷ் எல்லாம் சேர்ந்த பில், அன்று போன எண்ணெய், வெல்லத்தின் மதிப்பைவிடக் குறைவாகவே வந்தது. ஆஸ்பத்திரிச் செலவை இதில் சேர்க்கவில்லை. தம்பி மூன்று மாதம் மூட்டை தூக்கவில்லை, சம்பளம் கொடுத்தோம். கையில் இப்போதும் பழைய பலம் இல்லை என்பதால் கடையில் பில் போடுகிறார். லோடு பில்லில் எடையைக் கூட்டி எழுதுவதும் அவர்தான். 1,300 தாண்டினால் எங்களைக் கேட்காமலே பேனாவை வைத்துவிடுவார்.

சீசனில் இப்போது மலைக்கு இரண்டு நடை போகிறது. டீசல் செலவு கூடத்தான் செய்கிறது. மலைக் கடைக்காரர்கள் சிலர் சரக்கு ஒரே தவணையில் வரவில்லை என்று குறைப்படுகிறார்கள். பெரிய வண்டி வாங்கினால் சீசன் இல்லாத மாதங்களில் அது பாதி லோடில் ஓடும். தவணை மட்டும் முழுதாகக் கட்ட வேண்டும். வீட்டில் பிள்ளைகள் வாங்கலாம் என்கிறார்கள், நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. மலைக்குச் சரக்கு அனுப்பும் மற்ற ஊர் அன்பர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று இதழுக்கு எழுதினால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.